எட்டு நாளில் முடிந்த பினாங்கு வழக்கு



நாளிதழைப் புரட்டுகிறோம். ஒரு கொடூரக் கொலை. சந்தேக நபரைப் போலீசார் பிடித்துவிட்டார்கள். சில நாள் கழித்து உள்பக்கத்தில் ஒரு சிறு செய்தி வருகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவரை மனநலப் பரிசோதனைக்காக உலு கிந்தா பஹாகியா மருத்துவமனைக்கு அனுப்ப நீதிமன்றம் உத்தரவு. அவ்வளவுதான், நமக்குக் கோபம் வந்துவிடுகிறது. "பைத்தியம் மாதிரி நடித்தால் தப்பித்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே!" என்கிறோம். காப்பிக்கடையில் இதைப் பேசாதவர் யார்?

நம் அரங்கில் இன்று எடுத்துக்கொண்டது இந்தக் கோபத்தைத்தான். நீதிமன்றம் ஏன் அந்த ஒரு மாதம் காத்திருக்கிறது? பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சுங்கை பினாங்கிலிருந்து சில நிமிடப் பயணத்தில் இருக்கும் ஜார்ஜ்டவுன் நகர மையத்திலேயே அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1846ஆம் ஆண்டு ஜூலை 8, புதன்கிழமை. சூனான் என்ற மலாய்க்காரர் வீடு கட்டும் தொழிலாளி, நல்ல பெயர் எடுத்தவர். அன்று ஆயுதத்தோடு நகரின் நடுவே வெறிகொண்டு ஓடினார். 'அமோக்' என்று இன்றும் உலக மொழிகள் வழங்கும் மலாய்ச் சொல் இதைத்தான் குறிக்கிறது. பிடிபடுவதற்குள் ஓர் இந்து மூதாட்டி, ஒரு 'கிளிங்' ஆடவர், ஒரு சீனச் சிறுவன், தகப்பனின் கையில் இருந்த மூன்று வயது கிளிங் சிறுமி ஆகியோர் உயிரிழந்தனர். காயமடைந்த எழுவரில் இருவரே பிழைத்தனர். தென்னிந்தியரை அந்நாளில் 'கிளிங்' என்றுதான் பதிவேடுகள் எழுதின. ஆம் நேயர்களே, மாண்டவர்களில் பலர் நம்மவர்கள்.

வழக்கு நடந்தது. சூனானின் மனைவியும் பிள்ளையும் சற்று முன்புதான் இறந்திருந்தார்கள் என்பது அங்கே தெரியவந்தது. அவருக்கு வேலை கொடுத்தவர் சாட்சி சொன்னார். இவர் வேலைக்குப் பிள்ளையையும் கூட்டி வருவார், குடிப்பழக்கம் இல்லாதவர், பிள்ளை போன துக்கத்தில் வேலை ஓடவில்லை என்று புலம்புவார், புத்தி பேதலித்துவிட்டதென்றே நினைக்கிறேன் என்பது அந்தச் சாட்சியத்தின் சாரம். என்ன செய்தேன் என்றே தெரியாது என்றார் சூனான். தூக்குமேடையிலும் அதையே சொன்னார்.

சம்பவம் 8ஆம் தேதி. விசாரணை 13ஆம் தேதி. தூக்கு 15ஆம் தேதி. எட்டே நாட்கள்! தண்டனை வழங்கிய நீதிபதி சர் வில்லியம் நோரிஸ், உடலை அறுவைச் சோதனைக்குக் கொடுத்துப் பின் சிதறடிக்கவும் உத்தரவிட்டார்.

பறிகொடுத்த குடும்பங்களுக்கு அந்த எட்டு நாள் ஆறுதல் தந்ததா? நமக்குத் தெரியாது. ஆனால் அவர் நோயாளியா, கொலைகாரரா என்ற கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவரை நீதிமன்றமே அவசரமாக அனுப்பி வைத்துவிட்டது.

இத்தனைக்கும் அந்தக் கேள்வி புதிதல்ல. மூன்று ஆண்டுகளுக்கு முன், 1843 ஜனவரியில், லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவர் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரான எட்வர்டு டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். ஆளுங்கட்சி தன்னை விரட்டி வதைக்கிறது என்ற பிரமையில் இருந்தவர் அவர். மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். விடுதலை கிடைத்தது. நாடே கொதித்தது. அதன்பின் பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் விளக்கம் கேட்க, பிறந்ததுதான் 'மெக்நாட்டன் விதி'. விடுதலையான மெக்நாட்டன் வீட்டுக்கா போனார்? 1865இல் சாகும்வரை மனநோய் விடுதிகளில்தான் அடைபட்டிருந்தார்.

அந்த விதியின் சாரம் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவாயிற்று. 1870களின் தொடக்கத்தில் அதே எண்ணோடு நீரிணைக் குடியேற்றப் பகுதிகளின் சட்டத்திலும் ஏறியது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 22ஆவது பிரிவாகிவிட்டது. நம் மலேசியாவில் இன்றும் 84தான். மனநோயால், செய்கிற காரியம் இன்னதென்றோ அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது என்பதே அதன் பொருள்.

சட்டம் வந்தால் போதுமா? கவனித்துப் பார்க்க ஓர் இடமும் வேண்டுமே! 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. "தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போக வேண்டிய ஆள்" என்று நாம் கேலி பேசுகிறோமே, அதே இடம்தான். இன்று அதன் பெயர் பஹாகியா. பஹாகியா என்றால் மகிழ்ச்சி.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342ஆவது பிரிவின்படி, குற்றஞ்சாட்டப்பட்டவரை ஒரு மாதம் வரை அங்கே வைத்துக் கவனிக்கலாம். மருத்துவர் முடிவுக்கு வர இயலாவிட்டால் கூடுதல் அவகாசம் கேட்கலாம். அந்த நாட்களில் மருத்துவர் அவரோடு பலமுறை பேசுகிறார். அவர் எப்படித் தூங்குகிறார், சாப்பிடுகிறார், யாரும் இல்லாதபோது என்ன செய்கிறார் என்பதைத் தாதியர் குறித்து வைக்கிறார்கள். குடும்பத்தாரை விசாரிக்கிறார்கள். பழைய சிகிச்சைச் சீட்டுகளைப் பார்க்கிறார்கள். அரைமணி நேரம் நடிப்பது சுலபம். இரவும் பகலும் வாரக்கணக்கில் நடிப்பது சுலபமா?

அங்கே இரண்டு கேள்விகள் உண்டு. ஒன்று, இன்று இவர் வழக்கைப் புரிந்துகொண்டு தம்மைத் தற்காத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா? இரண்டு, சம்பவம் நடந்த அந்த நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் வழக்கு தள்ளி வைக்கப்படும், ரத்தாகிவிடாது. இரண்டாவதை நிரூபிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. மனநோய் இருப்பது மட்டும் போதாது. அந்த நோய் அந்த நேரத்தில் அறிவை மறைத்தது என்று காட்ட வேண்டும்.

இறுதித் தீர்ப்பு மருத்துவருடையதும் அல்ல. சிங்கப்பூரில் 1981இல் இரண்டு குழந்தைகளைக் கொன்ற ஏட்ரியன் லிம் வழக்கை மறக்க முடியுமா? 1983இல் 41 நாள் நடந்த விசாரணையில் மனநல மருத்துவர்களே இரு தரப்பிலும் நின்று மாறுபட்ட கருத்துச் சொன்னார்கள். நீதிபதிகள் டி.எஸ். சின்னதுரையும் எஃப்.ஏ. சுவாவும் அனைத்தையும் கேட்டார்கள். மனநோய் வாதத்தை ஏற்கவில்லை. மூவருக்கும் மரண தண்டனை விதித்தார்கள். 1988இல் அது நிறைவேறியது. ஆக, பரிசோதனை என்பது தப்பிக்கும் கதவல்ல. கேட்டுவிட்டுத் தண்டிப்பதற்கும் கேட்காமலே தண்டிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

84ஆவது பிரிவில் விடுதலையானவரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. அச்செயலைச் செய்தவர் அவர்தானா என்பதை நீதிமன்றம் தீர்ப்பில் சொல்லியாக வேண்டும். பிறகு பாதுகாப்புக் காவல். சுல்தான் உள்ள மாநிலங்களில் சுல்தான், நம் பினாங்கில் மாநில ஆளுநர் விருப்பப்படி மனநல மருத்துவமனையில் வைக்கப்படுவார். அதற்கு ஆண்டுக்கணக்கு கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொலைக்குக் கட்டாய மரண தண்டனை என்பது 2023 ஜூலையில் நீங்கியது. இப்போது மரணமா, 30 முதல் 40 ஆண்டு சிறையா என்பதை நீதிபதி எடைபோட வேண்டும். 84ஆவது பிரிவுக்குள் வராத மனநோயும் அந்தத் தராசில் ஏற இடமுண்டு. மருத்துவ அறிக்கையின் மதிப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது.

இதில் நம் பங்கு என்ன? மருத்துவர் தேடுகிற பழைய சிகிச்சைச் சீட்டு நம் வீடுகளில் இருக்கிறதா? பிள்ளை தனக்குத்தானே பேசினால் காற்றுக் கருப்பு என்று மந்திரிக்க ஓடுகிறோம். ஊர் என்ன சொல்லுமோ என்று மூடி மறைக்கிறோம். ஜாலான் ரெசிடென்சி பொது மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சுங்கை பினாங்கிலிருந்து அது தூரமும் இல்லை. மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆனால் கவனிக்கப்படாத நோய் ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடக்கூடும்.

சூனானுக்கு வேலை கொடுத்தவர், நீதிமன்றத்தில் சொன்னதை முன்பே கவனித்திருந்தார். அன்று அவர் அதைக் கொண்டுபோய்ச் சொல்ல ஒரு கதவு இல்லை. இன்று நமக்கு இருக்கிறது. தட்டுவோமா?