பெரட்டுக் களத்திலிருந்து கணினிக் காவலுக்கு

விடியற்காலைப் பெரட்டில் கிராணி ஏட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவார். வந்தவர் யார், வராதவர் யார், யாருக்கு எந்த நிரை என்பதெல்லாம் அதில் பதிவாகும். கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பொழுது விடிந்தது. நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917-இல் நடந்ததும் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். அப்பா பார்த்த வேலை மகனுக்கு வந்தது. சான்றிதழை யாரும் கேட்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது அந்த வழி அடைபட்டது. பட்டணத்து வேலையோ சான்றிதழ் கேட்டது.

அந்தக் காலக்கட்டத்தில்தான் நாட்டில் கணினிக் காவல் பிறந்தது. 1997 ஜனவரியில் மிமோஸ் நிறுவனத்தில் மைசெர்ட் எனும் அவசர உதவிக் குழு அமைந்தது. புகாரைக் கேட்பது, பதிவு செய்வது, வழி சொல்வது ஆகியவையே அதன் பணி. கணினிக் குற்றச் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' மின்னஞ்சல் நச்சுநிரல் உலகையே கலக்கியபோது, அலுவலகங்களில் உதவி கேட்டு வரும் தொலைபேசியை எடுப்பவரின் அருமை புரிந்தது. 2007-இல் சைபர்செக்யூரிட்டி மலேசியா எனும் பெயரில் தேசிய அமைப்பு உருவானது.

இத்துறையின் முதல் படி, உதவி மேசைதான். மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றித் தருவது, சந்தேக மின்னஞ்சலைச் சோதிப்பது, நச்சுநிரல் தாக்கிய கணினியை இணைப்பிலிருந்து துண்டிப்பது, நேரத்தோடு குறித்து மேல்நிலைக்கு அனுப்புவது ஆகியவை அன்றாட வேலைகள். பதறிப்போய் அழைப்பவரிடம் பொறுமையாகப் பேசத் தெரிய வேண்டும். மலாய், ஆங்கிலம், தமிழ் என மூன்றிலும் பேசும் பிள்ளைக்கு இது கூடுதல் பலம். டிப்ளோமாவோ மலேசியத் திறன் சான்றிதழோ இதற்கு அடித்தளமாகும். பெஸ்தாரி ஜெயாவிலேயே சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகம் இருப்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

2024 ஆகஸ்டு 26-இல் சைபர் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. முக்கியக் கட்டமைப்பாக அறிவிக்கப்பட்ட நிறுவனம் தாக்குதலுக்கு உள்ளானால், 6 மணி நேரத்திற்குள் முதல் விவரங்களைத் தர வேண்டும். முதல் அழைப்பை எடுத்தவர் எழுதிய குறிப்பு சரியாக இருந்தால்தான் அது நடக்கும். அச்சட்டம் பட்டியலிடும் 11 துறைகளில் வங்கியும் மருத்துவமும் உண்டு. விவசாயமும் தோட்டத் தொழிலும் உண்டு.

தோட்டத்திற்கு இன்றும் ஏடு எழுத ஆள் தேவை. அந்த ஏடு இப்போது கணினியில் இருக்கிறது. அன்று கிராணி நாற்காலி எட்டாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, இந்த நாற்காலி எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.