பதில் வரும் வரைதான் எல்லை: தண்டுவட மயக்கமும் தூக்க மருந்தின் அளவும்

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து அறுவை சிகிச்சை நடத்தும் தண்டுவட மயக்க முறையை 1898இல் ஜெர்மானிய மருத்துவர் ஆகுஸ்ட் பீர் தொடங்கிவைத்தார். இம்முறையில் வலி தெரியாது, ஆனால் காது கேட்கும். எலும்பில் சுத்தியல் விழும் ஓசையைக் கேட்டபடி இரண்டு மணி நேரம் அசையாமல் படுத்திருப்பது எளிதல்ல. அதனால் சிரை வழியாகச் சிறிது தூக்க மருந்தும் கொடுக்கிறோம். அதன் அளவை நோயாளி எவ்வளவு அமைதியாகக் கிடக்கிறார் என்பதை வைத்து முடிவு செய்வது ஆபத்து. கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா என்பதே அளவுகோலாக வேண்டும்.

1988இல் கேப்லன் குழுவினர் அமெரிக்க இழப்பீட்டு வழக்குகளை ஆராய்ந்து, தண்டுவட மயக்கத்தின்போது ஆரோக்கியமானவர்களுக்குத் திடீரென இதயம் நின்றுபோன 14 நிகழ்வுகளை வெளியிட்டனர். அனைவரின் இதயமும் மீண்டும் துடித்தது. ஆனால் மூளை பாதிப்பால் 6 பேர் மருத்துவமனையிலேயே இறந்தனர். பிழைத்த 8 பேரில் ஒருவர் மட்டுமே தன் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் நிலைக்கு வந்தார். இந்நிகழ்வுகளில் அவர்கள் கண்ட இரண்டு போக்குகளுள் ஒன்று, நோயாளி பேச்சில்லாமல் நிம்மதியாக உறங்குவதுபோல் தோன்றும் அளவுக்குத் தூக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. அவர்களில் பலருக்கு இதயம் நிற்பதற்கு முன் உடல் நீலம் பாரித்தது. மூச்சு குறைந்ததை யாரும் கவனிக்காமல் போயிருக்கலாம் என்பதையே இது உணர்த்துகிறது.

இன்று எல்லா மேசையிலும் இரத்த ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறதே, அந்த நிகழ்வுகள் பழைய கதை என்பார்கள். இந்த நம்பிக்கை பாதிதான் சரி. முகமூடியில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது, மூச்சு வெகுவாகக் குறைந்த பிறகும் திரையில் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அந்த எண் இறங்கத் தொடங்கும்போது கையில் இருக்கும் நேரம் குறைவு. வெளிவரும் கரியமில வாயுவின் அலைக்கோடுதான் மூச்சின் நிலையை உடனுக்குடன் சொல்லும். நடுத்தர, ஆழ்ந்த அரைமயக்கத்துக்கு இந்தக் கண்காணிப்பை அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2011இல் தன் அடிப்படைத் தரத்தில் சேர்த்தது. மேலும், கீழுடலிலிருந்து மூளைக்குப் போகும் உணர்வுகள் அடைபடுவதால் தண்டுவட ஊசியே ஓரளவு உறக்கம் தரும். அதனால் மிடசோலம் என்ற தூக்க மருந்தின் வழக்கமான அளவுகூட மிகையாகலாம். டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மற்றொரு தூக்க மருந்து மூச்சை அதிகம் அடக்காது என்பது மெய்தான். ஆனால் இதயத் துடிப்பைக் குறைக்கும். மரப்பு மார்பு வரை ஏறியிருந்தால், துடிப்பை விரைவாக்கும் நரம்புகள் ஏற்கெனவே அடங்கியிருக்கும்.

அறுவை அரங்கில் எனக்கு மிகவும் அச்சம் தரும் காட்சி ஒன்று உண்டு. நோயாளி தலையை அசைக்கிறார், முகமூடியைப் பிடுங்கக் கையைத் தூக்குகிறார். 'சார், பேஷண்ட் ஆடுறாரு' என்று மேசையிலிருந்து குரல் வருகிறது. உடனே புரோபோபால் என்ற தூக்க மருந்து இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. அந்த அசைவுக்கு ஆக்சிஜன் குறைவு, சரிந்த இரத்த அழுத்தம், மரப்பு இறங்கி எழுந்த வலி, நிரம்பிய சிறுநீர்ப்பை, நீட்டிவைத்த தோளின் கடுப்பு என எதுவும் காரணமாகலாம். ஐந்தையும் பார்க்காமல் ஏற்றும் மருந்து காரணத்தை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சொல்லும் வாயை அடைக்கிறது. மரப்பு போதவில்லையென்றால் முறையாகப் பொது மயக்கத்துக்கு மாறுவதே நேர்மை.

முதியோர் இடுப்பெலும்பு முறிவில் சான்று இன்னும் சிக்கலானது. 2010இல் சீபர் குழு 114 பேரிடம் செய்த ஆய்வில், ஆழ்ந்த அரைமயக்கம் பெற்றவர்களில் 40 சதவீதத்தினருக்கும் இலேசாகப் பெற்றவர்களில் 19 சதவீதத்தினருக்கும் பின்னர் மனக்குழப்பம் வந்தது. அதே குழுவினர் 2018இல் 200 பேரிடம் செய்த ஆய்வில் மொத்தத்தில் அந்த வேறுபாடு உறுதிப்படவில்லை. வேறு பெரிய நோயில்லாதவர்களிடம் மட்டும் ஆழ்ந்த மயக்கம் தீங்கானது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும், முதியவரை ஆழமாக உறங்கவைப்பதால் அவருக்குக் கிடைக்கும் நன்மை எதுவும் தெரியவில்லை.

'பாட்டி, கண்ணைத் திறந்து பாருங்க' என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை கூப்பிடுவதற்குச் செலவில்லை. பதில் தாமதமானால் மருந்தை நிறுத்துங்கள். கரியமில வாயுக் கண்காணிப்பு இல்லாத அரங்கில், கூப்பிட்டால் பதில் வராத ஆழத்துக்கு நோயாளியைக் கொண்டுபோக எந்த மயக்க மருத்துவரும் இசையக் கூடாது.