விலாஸும் விலாசமும்
ஊர் ஊராகக் காணும் முனியாண்டி விலாஸ் ஹோட்டல்களை ஒரே கம்பெனியின் கிளைகள் என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லை. முதலாளிகள் வேறு வேறு. திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டி முனியாண்டி சாமிதான் பொது. தை மாதம் ஊரில் கூடி, கிடா வெட்டி, அண்டா அண்டாவாகப் பிரியாணி சமைத்து அவருக்குப் படைக்கிறார்கள். என்னை இழுத்தது அந்த ‘விலாஸ்’. வடமொழி ‘விலாச’த்துக்கு விளையாட்டு, ஒயில், களிப்பு என்று பொருள், மகேந்திரவர்மனின் ‘மத்தவிலாச’ நாடகத்தின் பெயரில் இருப்பது அதுதான். பிறகு களித்திருக்கும் மாளிகைக்கே பெயரானது: மைசூரில் அம்பா விலாஸ், பரோடாவில் லட்சுமி விலாஸ். அங்கிருந்து கடைப் பலகைக்கு வந்தது. 1926-இல் கரூரில் தொடங்கிய வங்கியும் லட்சுமி விலாஸ்தான். தமிழில் இதற்கு இன்னொரு திருப்பமும் உண்டு. தபால்காரருக்கு விலாசம் என்றால் கதவு எண்ணும் தெருவும். செட்டிநாட்டு நகரத்தாரின் லேவாதேவிக் கடைகளிலோ, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த குறிதான் விலாசம். கடையையும் குடும்பத்தையும் அதைச் சொல்லியே அடையாளம் காண்பார்கள். விலாசத்துக்குத் தமிழ் மாற்றாகத் தபாலுக்கு ‘முகவரி’ அழகாகப் பொருந்திவிட்டது. செட்டிநாட்டு விலாசத்தைக் ‘கடைக்குறி’ என்று மாற்றினால் குடும்பம் விடுபட்டுப்போகும். அந்த ஓரிடத்திலாவது பழைய சொல்லை அப்படியே விட்டுவைப்போம்.