வெள்ளைக் கோப்பையின் தூசி

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரத்துப் பாட்டில் சூளைகளை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். வயிறு பருத்து, கழுத்து குறுகி, தெருவுக்குத் தெரு நின்ற செங்கல் பாட்டில்கள். ஒரு காலத்தில் 2000-க்கும் மேல்; இன்று 50-க்கும் குறைவு. அங்கே லாங்டனில் உள்ள கிளாட்ஸ்டன் பீங்கான் பட்டறை 1970-ல் இடிபட இருந்தது. கடைசி நேரத்தில் மீட்டு அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். நல்ல காரியம்தான். கட்டிடத்தைக் காத்தாயிற்று, அதன் வரலாற்றை எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

வழக்கமாக அதைப் புகையின் வரலாறாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு தடவை எரிக்க 10 டன்னுக்கு மேல் நிலக்கரி, ஊரே கறுத்துக் கிடந்தது, 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது, எரிவாயு, மின்சார உலைகள் வந்தன, வானம் வெளுத்தது. சுபம். இந்தச் சொல்லாடலில் புகை எல்லோருக்கும் பொது எதிரி. முதலாளியும் கூலியாளும் ஒரே காற்றைத்தானே சுவாசித்தார்கள் என்று ஆகிவிடுகிறது.

தூசி அப்படியில்லை. அது வேலை செய்பவர் மூச்சுக்குள் மட்டும் போகும். மண்பாண்டம் வெள்ளையாகத் தெரிய, சுட்ட சிக்கிமுக்கிக் கல்லை அரைத்துக் களிமண்ணில் கலந்தார்கள். அந்தத் தூள் ஆளைக் கொல்லும் என்பது அப்போதே தெரியும். கல்லைத் தண்ணீருக்குள் அரைக்கும் முறைக்குத் தாமஸ் பென்சன் 1726-லேயே காப்புரிமை வாங்கினார். இருந்தும் என்ன? பின்னால் வந்த பீங்கான் பட்டறைகளில், வேகும்போது பாண்டம் கோணாமலிருக்க அதே தூளில்தான் பதித்து வைத்தார்கள். வெந்து வந்ததும் ஒட்டியிருந்த தூளைத் தேய்த்தெடுத்தவர்கள் பெண்கள். இருமி இருமிச் செத்தார்கள். இன்று சிலிக்கோசிஸ் என்கிறோம். அன்று அதன் பெயர் 'குயவர் ஆஸ்துமா'. தொழிலின் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டால் அப்புறம் யாரைக் குற்றம் சொல்வது?

'மூலதனம்' படித்தவர்களுக்கு வில்லியம் உட்டைத் தெரியும். 7 வயது 10 மாதத்தில் வேலைக்கு வந்தவன். காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை அச்சுகளைச் சுமந்துகொண்டு உலர்த்தும் அறைக்கும் பட்டறைக்கும் ஓடிக்கொண்டிருந்தான். அரசு விசாரணையில் அவன் சாட்சி பதிவானபோது வயது 9. 1864-ல்தான் இந்தத் தொழில் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் வந்தது.

லாங்டனில் 1978-ல், பதிவு செய்து வைப்பதற்காகப் பாட்டில் சூளை ஒன்றைக் கடைசியாக எரித்தார்கள். தொழில் தெரிந்த பழைய ஆட்கள் வந்துதான் எரிக்க முடிந்தது. செங்கல்லைப் பட்டியல் போட்டுக் காக்கலாம். கைப்பழக்கத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

சூளையைப் பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். கொஞ்சம் குனிந்து, கையிலிருக்கிற டீக் கோப்பையையும் பார்க்கணும். அந்த வெள்ளை சும்மா வந்ததில்லை.