கோழியிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும்: டிஃபிபிரிலேட்டரின் கதை

இந்த சீனை நீங்க கண்டிப்பா சினிமாவில் பார்த்திருப்பீங்க. ஆஸ்பத்திரி மானிட்டரில் கோடு நேரா போகுது. 'பீ...'னு ஒரே சத்தம். டாக்டர் ரெண்டு கையிலயும் இஸ்திரிப் பெட்டி மாதிரி எதையோ எடுத்து ஒண்ணோட ஒண்ணு தேய்க்கிறார், நெஞ்சில வைக்கிறார், ஹீரோ உடம்பு ஒரு அடி மேலே எகிறுது. கோடு மறுபடியும் துடிக்க ஆரம்பிக்குது. வெளியே அம்மா தாலியைக் கண்ணில் ஒத்திக்கிறாங்க.

அந்த சீன் தப்பு. கோடு நேராகிவிட்ட இதயத்துக்கு ஷாக் கொடுப்பதில்லை, கொடுத்தாலும் பிரயோஜனம் கிடையாது. டிஃபிபிரிலேட்டர் என்பது நின்றுபோன இதயத்தைக் கிளப்பிவிடும் கருவி இல்லை. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒரு கணம் நிறுத்தி வைக்கும் கருவி.

ஊர்ல தேர் இழுத்திருக்கீங்களா? நூறு பேர் வடத்தைப் பிடிச்சிருந்தாலும் எல்லாரும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் தேர் நகரும். அவரவர் இஷ்டத்துக்கு இழுத்தால் கை காய்க்கும், தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். இதயத்தின் கீழறைத் தசைகள் அப்படி ஆளுக்கொரு பக்கம் இழுப்பதுக்குப் பெயர் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். இதயம் நடுங்கிக்கொண்டே இருக்கும், ரத்தம் ஒரு சொட்டு நகராது. ஆள் சில நொடிகளில் மயங்கி விழுந்துவிடுவார். ஷாக் என்பது 'எல்லாரும் வடத்தை விடுங்கய்யா' என்று ஒருத்தர் போடும் அதட்டல். கை விட்ட பிறகு, இதயத்துக்குள்ளேயே இருக்கிற இயற்கையான பேஸ்மேக்கர் மறுபடி தாளம் கொடுக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிடறேன். ஹார்ட் அட்டாக் வேறு, கார்டியாக் அரெஸ்ட் வேறு. முதலாவது ரத்தக்குழாய் அடைப்பு. ஆள் பெரும்பாலும் நினைவோடு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பார். இரண்டாவதில் கூப்பிட்டால் பதில் இருக்காது, ஒழுங்கான மூச்சும் இருக்காது. முதலாவது இரண்டாவதாக மாறலாம். ஷாக் தேவைப்படுவது இரண்டாவதுக்குத்தான்.

சரி, கதைக்கு வருவோம். 1775-ல் கோபன்ஹேகனில் பீட்டர் அபில்ட்கார்ட் என்ற கால்நடை மருத்துவர் கோழிகளுக்கு மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். தலையில் ஷாக் கொடுத்தால் கோழி செத்த மாதிரி விழுந்தது. மறுபடி தலையில் கொடுத்தாலும் அசையவில்லை. நெஞ்சில் கொடுத்தால் எழுந்து நடந்தது! அதில் ஒரு கோழி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்து, அப்புறம் தேறி முட்டை கூடப் போட்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அதே ஊரில் 2021 ஜூனில் யூரோ கோப்பை மேட்ச் நடுவே டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்தில் சுருண்டு விழுந்து, ஷாக் கொடுத்து உயிர் மீண்டதை நம்மில் பல பேர் லைவ்வாகப் பார்த்தோம்.

இடையில் 246 வருஷம். அவ்வளவு நாள் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு சுவாரசியம்.

1899-ல் ஜெனீவாவில் பிரெவோஸ்ட், பட்டேல்லி என்ற இரண்டு பேர், மின்சாரம் நாயின் இதயத்தைத் தாறுமாறாக்கவும் செய்யும், பலமான ஷாக் அதைச் சரிசெய்யவும் செய்யும் என்று கண்டுபிடித்தார்கள். அதை மனிதர்களிடம் யாரும் முயற்சி செய்யவில்லை. இந்த விஷயத்தில் அடுத்து அக்கறை எடுத்தவர்கள் யார் தெரியுமா? கரண்ட் கம்பெனிகள். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு மின்சாரம் போக ஆரம்பித்த காலம். கம்பத்தில் ஏறும் லைன்மேன்கள் ஷாக் அடித்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க வழி கேட்டு ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தார்கள். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அதில் இறங்கியவர் வில்லியம் கௌவன்ஹோவன். அவர் டாக்டரே இல்லை, எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்.

மனித உயிரை முதலில் காப்பாற்றியது 1947-ல், க்ளீவ்லேண்டில். 14 வயதுப் பையனுக்கு மார்புக்கூட்டில் ஆபரேஷன். முடியும் நேரத்தில் இதயம் தடுமாறிப் போனது. சர்ஜன் க்ளாட் பெக் நெஞ்சைத் திறந்து, கையாலேயே இதயத்தைப் பிசைந்து ரத்தத்தை ஓட்டிக்கொண்டே இருந்தார். ஆய்வுக்கூடத்தில் இருந்த கருவியைக் கொண்டுவரச் சொல்லி, இதயத்தின் மீதே ஷாக் கொடுத்தார். பையன் பிழைத்தான். ஆனால் யோசிச்சுப் பாருங்க. அன்றைக்கு இந்தக் கருவியால் பிழைக்கணும்னா நீங்க ஆபரேஷன் டேபிளில், நெஞ்சு திறந்த நிலையில், சர்ஜன் பக்கத்தில் இருக்கும்போது விழணும்.

1956-ல் பாஸ்டனில் பால் ஸோல் நெஞ்சைத் திறக்காமலே வெளியிலிருந்து ஷாக் கொடுத்துக் காட்டினார். 1960-களில் அதே பாஸ்டனில் பெர்னார்ட் லவுன், வீட்டு கரண்ட் மாதிரியான ஏசி-யை விட மின்தேக்கியில் சேர்த்து வைத்து விடும் டிசி பாதுகாப்பானது என்று நிறுவினார். சோவியத் நாட்டில் குர்விச் இதை அதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தார். பனிப்போர் காலம், அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் லேட்டாகத்தான் தெரியும்.

கௌவன்ஹோவன் லேபில் நடந்ததைத்தான் நான் பெரிசா நினைக்கிறேன். அந்தக் காலத்து ஷாக் தகடுகள் நல்ல கனம். 1958-ல் நிக்கர்பாக்கர் என்ற இளம் ஆய்வாளர், நாயின் நெஞ்சில் தகடுகளை வைத்து அழுத்தும்போதே, ஷாக் கொடுக்கும் முன்னாடியே, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதை கவனித்தார். கருவியின் எடைதான் காரணம். அப்படியானால் வெறும் கையால் அழுத்தினாலும் ரத்தம் ஓடுமே? 1960-ல் அந்தக் கட்டுரை வந்தது. நாம் இன்றைக்கு சி.பி.ஆர் என்று சொல்லும் நெஞ்சு அழுத்தம், டிஃபிபிரிலேட்டர் ஆராய்ச்சியின் வயிற்றில் பிறந்த பிள்ளை. இரண்டையும் பிரித்துக் கற்றுக்கொடுப்பதே எனக்குப் பிடிக்காது.

அடுத்து பெல்ஃபாஸ்ட். ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ் என்ற இதய மருத்துவர், ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரி. முரட்டு ஆள். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் கைதியாகி, சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டவர். ஆமாம், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்களே, அந்த சயாம் மரண ரயில்தான். அங்கே பெரிபெரி நோய் அவருடைய இதயத்தையே பாதித்தது. ஊர் திரும்பி இதய மருத்துவரானார்.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. மாரடைப்பில் சாகிறவர்களில் பெரும்பாலானோர் ஆஸ்பத்திரிக்கு வருவதுக்கு முன்னாடியே சாகிறார்கள். கருவியோ ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறது. அப்போ கருவிதானே வெளியே போகணும்? 1965-ல் இரண்டு கார் பேட்டரியை வைத்து ஆம்புலன்ஸில் ஏற்றக்கூடிய ஒன்றைச் செய்தார்கள். எடை 70 கிலோ. இன்னொரு நோயாளியையே கூட ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி. சில வருஷத்தில் அது 3 கிலோவாகக் குறைந்தது. தீயணைப்புக் கருவி எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் இதுவும் இருக்கணும் என்று அவர் வாதாடினார். சகாக்கள் பலர் நம்பவில்லை. மற்றவர்கள் கையில் இதைக் கொடுக்கலாமா என்ற பயம்.

அந்தப் பயத்தைத் தீர்த்தது ஆட்டோமேட்டிக் கருவி, அதாவது ஏ.இ.டி. 1970-களிலேயே அமெரிக்காவில் ஆர்ச் டயாக் என்ற சர்ஜனின் குழு ஒன்றைச் செய்துவிட்டது. ஷாக் வேணுமா வேண்டாமா என்று முடிவெடுப்பது மெஷின். நாம் ஒட்ட வேண்டியதை ஒட்டிவிட்டு, அது சொல்வதைக் கேட்கணும். வேண்டாத ஆளுக்கு அது ஷாக் கொடுக்காது. எவ்வளவு சுலபம் என்று 1999-ல் ஒரு சோதனை நடந்தது. முன்னே பின்னே இதைப் பார்த்திராத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். ஷாக் வரை போக அவர்களுக்கு சராசரியா 90 நொடி. பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு 67 நொடி. வித்தியாசம் 23 நொடிதான்!

அப்புறம் லாஸ் வேகாஸ் பக்கம் ஒரு ஆச்சரியம். சூதாட்ட விடுதிகளின் செக்யூரிட்டி ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2000-ல் வந்த முடிவு: ஃபிப்ரிலேஷனில் விழுந்த 105 பேரில் 53 சதவீதம் பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். விழுந்து மூன்று நிமிஷத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம். சூதாட்ட விடுதியில் ஏன் இப்படி? காசு போகிற இடம், அதனால் மூலைக்கு மூலை கேமரா. யாராவது விழுந்தால் உடனே யாரோ பார்க்கிறார்கள். சிகாகோ ஓ'ஹேர் விமான நிலையத்தில் சுமார் ஒரு நிமிஷ நடைத் தூரத்துக்கு ஒன்றாகச் சுவரில் மாட்டினார்கள். இரண்டு வருஷத்தில் 18 பேர் ஃபிப்ரிலேஷனில் விழ, 11 பேர் உயிர் மீண்டார்கள். அந்த 11 பேரில் 6 பேரைக் காப்பாற்றியவர்கள் அந்தக் கருவியில் பயிற்சியே எடுக்காதவர்கள். அதில் மூன்று பேர் டாக்டருக்குப் படித்தவர்கள் என்பதையும் சொல்லிடணும்.

இதையெல்லாம் கேட்டதும் 'உடனே வீட்டுக்கு ஒன்று வாங்கிடலாமே' என்று தோணும். 2004-ல் அமெரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமலே வீட்டுக்கு வாங்க அனுமதியும் வந்தது. ஆனால் 2008-ல் வந்த பெரிய ஆய்வு அந்த ஆசையில் தண்ணி ஊத்திச்சு. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 7,001 பேர். பாதிப் பேர் வீட்டில் ஏ.இ.டி, மீதிப் பேருக்கு வழக்கமான சி.பி.ஆர் பயிற்சி. சாவு எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லை. காரணம்? வீட்டில் இதயத் துடிப்பு கெட்டு விழுந்தவர் 117 பேர். அதில் யாராவது கண்ணால் பார்த்தது 58 பேரைத்தான். மற்றவர்கள் தூக்கத்திலோ, பாத்ரூமிலோ, தனியா இருக்கும்போதோ போனார்கள். சுவரில் மாட்டிய மெஷின் எழுந்து வந்து தேடாது.

அதனால் என் கருத்து இதுதான். ஆபத்து அதிகம் என்று டாக்டர் சொன்ன ஒருவர் வீட்டில் இருந்து, கூடவே எப்போதும் இன்னொருவரும் இருந்தால் தனி வீட்டுக்கு யோசிக்கலாம். மற்றபடி அந்தப் பணத்தைப் பத்து வீடு சேர்ந்து, ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் போடுங்க. ஆபீஸ், ஜிம், கல்யாண மண்டபம், அபார்ட்மென்ட்.

எங்க அபார்ட்மென்ட்டில் போன வருஷம் வாங்கினோம். வாட்ஸ்அப் க்ரூப்பில் இரண்டு மாசம் பிராண்ட் சண்டை. இது நல்லதா அது நல்லதா, மூணு கொட்டேஷன். உண்மையில் உரிமம் பெற்ற எந்தக் கருவியும் அந்த அடிப்படை வேலையைச் செய்யும். கேட்க வேண்டியது வேறு. பேட் எத்தனை வருஷம் தாங்கும், புதுசு என்ன விலை? பேட்டரி உள்ளூரில் கிடைக்குமா? குரல் எந்த மொழியில் பேசும்? தூசி, தண்ணி தாங்குமா? நம்ம ஊர் வெயிலில் எந்த வெப்பநிலை வரை வைக்கலாம்? சின்னப் பிள்ளைகளுக்கு தனி பேட் அல்லது தனி சுவிட்ச் உண்டா? அழுத்துவது சரியான வேகத்தில் இருக்கா என்று சொல்லுமா?

கடைசியில் பெரிய சண்டை இடத்தைப் பற்றி. 'திருடு போயிடும், அசோசியேஷன் ரூமில் பூட்டி வைப்போம், சாவி செக்ரட்டரிகிட்ட இருக்கட்டும்' என்றார்கள். செக்ரட்டரி பகலில் ஆபீஸ் போகிறவர். சி.பி.ஆரும் ஷாக்கும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையுது. நான் லாஸ் வேகாஸ் கதையை அந்த க்ரூப்பில் எழுதினேன். இப்போ அது கேட் பக்கத்தில், பூட்டு இல்லாத பெட்டியில்.

அப்போ முதலில் கற்றுக்க வேண்டியது யார்? வாட்ச்மேன் அண்ணன்கள். பயிற்சியில் ஒருத்தர் வரிசையா கேட்டார். ஆள் உயிரோட இருந்து ஷாக் அடிச்சா? மெஷின் பார்த்துக்கும். செத்துட்டா நம்ம மேல கேஸ் வருமா? இதுக்கு பதில் அவ்வளவு சுத்தமா இல்லை. உதவுகிறவரைப் பாதுகாக்கும் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப் பிரிவு சாலை விபத்தைப் பற்றித்தான் பேசுது. அது அகலமாகணும். மூன்றாவதா தயங்கித் தயங்கிக் கேட்டார்: 'பொம்பளைங்க விழுந்தா துணியை எப்படி சார்?' அந்தக் கூச்சத்தால் போகிற உயிர்கள் உண்டு. பயிற்சியாளர் நேராகச் சொன்னார். பேட் ஒட்டும் இரண்டு இடத்தில் வெறும் தோல் இருந்தால் போதும். வலது காறை எலும்புக்குக் கீழே ஒன்று, இடது அக்குளுக்குக் கீழே விலாவில் ஒன்று. ஒட்டினதும் மேலே துப்பட்டா போட்டு மூடிக்கலாம். வியர்வை இருந்தா துடைங்க.

மற்றது எல்லாம் அரை நாளில் கைக்கு வந்தது. தட்டிக் கூப்பிடு, மூச்சைப் பார். பதிலும் இல்லை ஒழுங்கான மூச்சும் இல்லைன்னா ஒருத்தர் 108-ஐக் கூப்பிட, ஒருத்தர் பெட்டியை எடுத்து வர, நீ நெஞ்சு நடுவில் அழுத்த ஆரம்பி. நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம். மெஷின் 'தொடாதே' என்றால் எல்லாரும் கையை எடு. ஷாக் முடிந்ததும் நாடி பார்த்து நேரத்தைத் தொலைக்காதே, உடனே மறுபடி அழுத்து. இரண்டு நிமிஷம் கழிச்சு அது மறுபடியும் பார்க்கும். வாயை விரித்து அப்பப்போ ஒரு இழுப்பு இழுப்பது மூச்சு இல்லை, அதைப் பார்த்து ஏமாறாதே.

பேட் காலாவதித் தேதியைப் பெட்டி மேலேயே பெரிசா ஒட்டியிருக்கோம். கேட் ரிஜிஸ்டரில் தண்ணி லாரி வந்த நேரத்துக்குக் கீழே, ராத்திரி ஷிப்ட் அண்ணன் தினமும் ஒரு வரி எழுதுறார்: 'மெஷின் பச்சை லைட் எரியுது.'