சாவிக்கொத்தும் காக்காய் வலிப்பும்



இன்று நவம்பர் 17, தேசிய வலிப்பு நோய் விழிப்புணர்வு நாள். வகுப்பில் நான் நடத்தாமல் விட்ட ஒரு வரலாற்றுப் பாடத்தை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1988. ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் பிள்ளை வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். நான் ஓடிப்போய் பீரோ சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தேன். இரண்டு பையன்களைக் காலை அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன். ஆசிரியர் பயிற்சியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பாட்டி செய்ததுதான்.

அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை. வீடு தேடிப் போனேன். "வெளியே தெரிஞ்சா நாளைக்கு யாரு டீச்சர் இவளைக் கட்டிக்குவா?" என்று கேட்டார் அவள் அம்மா. பதில் தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பதில் எப்போதோ எழுதப்பட்டிருந்தது. கி.மு. 400 வாக்கிலேயே, ஹிப்போகிராட்டஸ் பெயரால் வழங்கும் கிரேக்க நூல், இது தெய்வக் குற்றமல்ல, மூளையில் வரும் நோய் என்றது. நம் சரக சம்ஹிதையில் 'அபஸ்மாரம்' என்று தனி அத்தியாயமே உண்டு. தமிழில் முயலகன் நோய். நடராஜர் காலடியில் கிடப்பவனுக்கும் அதே பெயர்தான். திருவாசியில் கொல்லி மழவனின் மகளுக்கு வந்த முயலகன் நோய் தீர, சம்பந்தர் பதிகம் பாடினார் என்கிறது பெரியபுராணம். அந்தத் தகப்பன் மகளை ஒளித்து வைக்கவில்லை. ஊரறியக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான்.

பிறகு மருந்துகள் வந்தன. 1857-இல் லண்டனில் லோகாக் பொட்டாசியம் புரோமைடைப் பற்றிச் சொன்னார். 1912-இல் ஜெர்மனியில் ஹாப்ட்மன் பினோபார்பிட்டோனைக் கொடுத்துப் பார்த்தார். 1938-இல் அமெரிக்காவில் மெரிட்டும் புட்னமும் பெனிடாயின் பலன் தருவதைக் காட்டினார்கள். நான் சாவியைத் தேடி ஓடியதற்கு ஐம்பது வருஷம் முன்பே மாத்திரை இருந்திருக்கிறது!

அந்த அம்மாவின் பயத்திலும் நியாயம் இருந்தது. 1976 திருத்தத்தின்படி, திரும்பத் திரும்ப வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்றே இந்து திருமணச் சட்டம் சொன்னது. 1999-இல்தான் 'வலிப்பு' என்ற சொல்லை அதிலிருந்து எடுத்தார்கள். சட்டம் மாறிவிட்டது. நம் வீடுகளில் இன்னும் ஜாதகத்தைக் காட்டி மாத்திரையை மறைக்கிறோம்.

முறையாக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் பிரிவில் காட்டலாம். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கை காலை அமுக்காதீர்கள். இரும்பு வேண்டவே வேண்டாம்.

உங்களில் யாராவது மறைத்து மறைத்து மாத்திரை சாப்பிட்டுக் கொண்டிருந்தால், எனக்குத் தனியாக எழுதுங்கள். இந்த முறை பதில் இல்லாமல் திரும்ப மாட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். எங்கிருந்தாலும் நன்றாக இரு, அம்மா. டீச்சரை மன்னித்துவிடு.