எரியும் பச்சை

போன மாதம் கிள்ளானில் எங்கள் வீட்டு அடுப்படியில் மெழுகுவர்த்தி செய்தேன். அக்கா மகளின் பச்சைக் கிரயானைச் சீவி, உருகிய மெழுகில் போட்டேன். நிறம் அருமை. ஆனால் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் சுடர் சுருங்கி அணைந்துவிட்டது. "இன்ஜினியர் செஞ்ச லட்சணமா இது?" என்று அம்மா சிரித்தார்.

காரணம் எளிது. கிரயானில் இருப்பது நிறமித் தூள். அது மெழுகில் கரையாது, திரியை அடைத்துக்கொள்ளும். உருகிய மெழுகு மேலே ஏறாவிட்டால் சுடருக்கு ஏது தீனி? மெழுகுக்கு வேண்டியது எண்ணெயில் கரையும் சாயம்.

அந்தச் சாயங்கள் வருவதற்கு முன் எதைப் போட்டார்கள் என்று தேடினேன். திக்கென்றது. 1775இல் கார்ல் ஷீலே என்ற வேதியியலாளர், செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த ஒரு பச்சையை சுவீடனில் உருவாக்கினார். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சுவர்த்தாள், துணி, மெழுகுவர்த்தி என எல்லாவற்றிலும் அது ஏறியது. மெழுகுவர்த்தியில் அந்த நிறமும் சேர்ந்து எரிந்தது. வெளிச்சத்தோடு நஞ்சும் அறைக்குள் பரவியது.

1856இல் 18 வயது வில்லியம் பெர்கின், மலேரியா மருந்தான குவினைனைச் செய்யப் போய், தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயங்களின் காலம் அப்படித்தான் தொடங்கியது. மெழுகில் கரையும் சாயங்களும் அந்த வழியில் வந்தவையே.

துணியில் ஏறிய நிறம் பார்க்க மட்டும். மெழுகில் ஏறிய நிறத்தை நாம் மூச்சிலும் இழுக்கிறோம். இப்போது சாயம் வாங்கினால், நிறத்தைப் பார்க்குமுன் அதில் என்ன இருக்கிறது என்று படிக்கிறேன். அம்மாவோ, "வெள்ளையே போதும்டா" என்கிறார்.